வெடிக்க மறுத்த ரோட்டு

நான் மேசன். முப்பது வருசத்துக்கு மேல் சீமெந்தோடு கிடக்கிறேன். இந்த முப்பது வருசமும் எனக்கு ஒரே ஒரு எதிரிதான். வெடிப்பு.

சுவர் வெடித்தால் மேசனைத்தான் ஏசுவார்கள். மண்ணை ஏசமாட்டார்கள், வெயிலை ஏசமாட்டார்கள். ஒருவருடைய முன் சுவரில் மயிர் மாதிரி ஒரு கோடு விழுந்தால் போதும். கலியாண வீட்டில் சஹன் தட்டைச் சுற்றி இருந்து சோறு தின்னும்போதுதான் அவருக்கு அது ஞாபகம் வரும். "மேசன், நம்மட சுவர ஒருக்கா வந்து பாருங்களன்" என்பார். ஒரு சஹனுக்கு ஆறு பேர். மற்ற ஐந்து பேரும் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்கள்.

அப்படிப்பட்ட என்னிடம் ஒரு மிஸ் வந்து, வெடிக்கிற மாதிரி ஒரு ரோட்டுப் போட்டுத் தரக் கேட்டார்.

மிஸ் வீரமுனைப் பக்கம். தகப்பன் வயல்காரர். பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து, அங்கேயே ஆராய்ச்சி செய்கிறார். ரோட்டுக்கும் கட்டடத்துக்கும் புது மாதிரிச் சாமான் செய்கிற ஆராய்ச்சி. என் வீட்டு விறாந்தையில் கதிரையில் இருந்து அரை மணித்தியாலம் சொன்னார். நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேட்டேன். ஊரில் எல்லோரையும் போல அவரும் என்னைக் காக்கா என்றார், அண்ணன் என்கிற மாதிரி.

"விளங்குதா காக்கா?"

"விளங்குது மிஸ். ரோட்டு வெடிக்கும். மறுகா தானாச் சுகமாகும்."

"ஓம். அதேதான்."

"வெடிக்காமப் போட்டா என்ன?"

மிஸ் சிரித்தார். நான் பகிடிக்குக் கேட்கவில்லை.

பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்துக் காட்டினார். உள்ளே கடலை அளவில் சாம்பல் நிற உருண்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத கிருமி நித்திரை கொள்கிறதாம். கூடவே அதற்குத் தீனியும் இருக்கிறதாம். கொங்கிறீட் வெடித்தால் உருண்டையும் உடையும். தண்ணி உள்ளே போகும். கிருமி எழும்பும், தின்னும், சுண்ணாம்பு கக்கும். அந்தச் சுண்ணாம்பு வெடிப்பை அடைத்துவிடும்.

கதவு நிலையோடு சாய்ந்து நின்ற என் மனைவி கேட்டாள்: "கிருமிக்குச் சாப்பாடும் கட்டிக் குடுத்தா அனுப்புற, மிஸ்?"

"ஓம். பார்சல் கட்டித்தான் அனுப்புறன்."

ஆய்வுகூடத்துக்கும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனார். றாக்கை நிறையக் கொங்கிறீட் கட்டிகள். ஒவ்வொன்றிலும் திகதி ஒட்டியிருந்தது. ஒன்று தண்ணியை ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டே இருந்தது. இன்னொன்றில் வயர் பூட்டியிருந்தது, அதில் கையை ஊன்றினால் பாரம் எவ்வளவு என்று கொம்பியூட்டரில் காட்டியது. வெயிலில் வைத்தாலும் சூடாகாத ஓடு ஒன்றும் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தேன். உண்மைதான்.

மூலையில் ஒரு மெஷின். கட்டியை அதற்குள் வைத்து நசுக்குகிறார்கள். டமார் என்று உடைந்ததும் மிஸ்ஸும் கூட இருந்த இரண்டு பெடியன்களும் கை தட்டினார்கள். நான் பின்னுக்கு நகர்ந்து நின்றேன். அங்கே உடைவதுதான் வேலை.

போகும்போது மிஸ் சொன்னார்: "ஐப்பசி மழைக்கு முதல் ரோட்டுல செஞ்சு காட்ட வேணும் காக்கா. எங்கட பேராசிரியர் சேர் வந்து பார்ப்பார். ஒண்டும் காட்டாட்டி இத மூடிருவாங்க."

"எத்தின நாளா இத செய்றீங்க?"

"நாலு வருசம்."

நிந்தவூரில் பெரிய ரோட்டிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் பிரதேச சபை ஒரு துண்டு ரோட்டுத் தந்தது. எண்பது காலடி நீளம். பெரிய ரோட்டுப் பக்கத்துப் பாதி சாதாரணக் கொங்கிறீட். கடல் பக்கத்துப் பாதி உருண்டை போட்டது. இரண்டிலும் வெடிப்பு வரவேண்டும். ஒன்று மூடவேண்டும், மற்றது மூடக்கூடாது. அதுதான் பரீட்சை.

செய்தி அதே நாள் பரவியது. ஒழுங்கை வாயில் ஓட்டோ நிறுத்தி நிற்கிற தம்பிதான் பரப்பினான். கிருமி ரோட்டு என்று அவன்தான் முதலில் சொன்னது.

"காக்கா, மாஸ்க் போட்டுத்தான் ஓடணுமா? ஹோர்ன் அடிச்சாக் கிருமி எழும்பிருமா?"

"ஹோர்னுக்கு எழும்பாது. நீ கதைச்சா எழும்பும்."

மிஸ் ஒரு தாளில் அளவு எழுதித் தந்தார். சீமெந்து இத்தனை, மணல் இத்தனை, கல் இத்தனை, மில்லிலிருந்து எடுத்த உமிச்சாம்பல் இத்தனை. பார்த்தேன். இந்தச் சீமெந்துக்கு நான் கோழிக்கூட்டுத் தரைகூடப் போடமாட்டேன்.

"சீமெந்து காணாது மிஸ்."

"காணாமத்தான் இருக்க வேணும் காக்கா. அப்பதான் வெடிக்கும்."

"ஓம்" என்றேன்.

ஓம் என்று சொன்னேனே தவிர மனது கேட்கவில்லை. அந்த ஒழுங்கையில் ஆறு வீடு நான் கட்டியது. அதில் இருக்கிறவர்கள் காலையிலும் மாலையிலும் நடக்கிற ரோட்டு. மிஸ் ஆராய்ச்சியை முடித்துவிட்டுப் போய்விடுவார். வெடித்த ரோட்டு என் பெயரில் கிடக்கும்.

வீட்டில் இரண்டு பேக் சீமெந்து மிச்சம் இருந்தது. வேலை நாள் விடியச் சுபஹு தொழுதுவிட்டு அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். சாமான்களோடு சாமானாக வைத்தேன்.

அது ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கிழமை. கச்சான் காற்று அனலாக அடித்தது. மிஸ் தொப்பி போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். மணலை நிறுத்தார், கல்லை நிறுத்தார், தண்ணியைப் போத்தலால் அளந்தார். ஆனால் ஒவ்வொரு கலவைக்கும் ஒரு தரம் திரும்பிப் போய்க் கொப்பியில் குறிப்பு எழுதுவார். அந்த நேரம் கலவை மெஷினுக்குள் சாந்துச் சட்டியால் என் சீமெந்தில் ஒரு தாச்சி போடுவேன். இரண்டு பாதிக்கும் போட்டேன். ஓரவஞ்சனை இல்லை.

எனக்கு அது களவு மாதிரித் தெரியவில்லை. கறியில் உப்புக் காணாது என்று ஒரு சொட்டுக் கூடப் போட்ட மாதிரித்தான் இருந்தது.

மட்டப்பலகை பிடித்து இழுத்து முடித்தபோது ரோட்டு கண்ணாடி மாதிரிக் கிடந்தது. சாக்கு விரித்து ஒரு மாதம் நனைத்தோம்.

பிறகு ரோட்டை வெடிக்க வைக்க டிப்பர் லொறி வந்தது. நிறையக் கிறவல் மண். ஒழுங்கையே பார்க்க வந்தது. கோடி வீட்டு ராத்தாவும் வந்தார், எனக்கு அக்கா மாதிரி. அவர் வீட்டிலேயே நெல் அவித்துக் காயவைத்து அரிசியாக்கி விற்கிறவர். சிறுபோக வெட்டுத் தொடங்கிவிட்டது. புது ரோட்டில் எப்போது நெல் காயப்போடலாம் என்று பார்க்கத்தான் அவர் வந்தது.

டிப்பர் முன்னுக்குப் போனது, பின்னுக்கு வந்தது. மிஸ் ரோட்டில் குப்புறக் கிடந்து பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார். ஒன்றுமில்லை. மறுபடி போனது. மறுபடி வந்தது. பத்துத் தரம்.

டிப்பர்க்காரர் தலையை வெளியே நீட்டினார். "மிஸ், இதுக்கு மேல ஏத்தினா என்ட டயர்தான் வெடிக்கும்."

ஓட்டோத் தம்பி கத்தினான்: "காக்காட ரோட்டு! ஆனை ஏறினாலும் அசையாது!"

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. உள்ளுக்குள் நல்ல சந்தோசம். முப்பது வருசத்தில் ஒரு ஊரே நின்று என் வேலையைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு மிஸ்ஸைப் பார்த்தேன். மதகுக் கட்டில் இருந்து கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"கணக்குப்படி வெடிக்க வேணும் காக்கா. ரெண்டாம் தரமே வெடிக்க வேணும். எங்கயோ பிழைச்சிட்டன்."

நான் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தேன்.

"நாலு வருசக் கணக்கு. அடியிலயே பிழையாக்கும். சேருக்கு இண்டைக்கே எழுதுறன்."

"நாளைக்கு எழுதுங்க" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

பகல் சோறு இறங்கவில்லை. மனைவி பார்த்தாள்.

"மீன் பழசா?"

"இல்ல."

"அப்ப என்ன?"

சொன்னேன். அவள் கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள்.

"நம்மட ரெண்டு பேக்கும் அங்கயா போன? கோழிக்கூட்டுக்கு எண்டு நான் மூடி மூடி வச்ச!"

"ஓம்."

"கோழி கிடக்கட்டும். அந்தப் புள்ள பழியத் தன்ட தலையில போட்டுக்கிட்டு இருக்கி. எழும்புங்க. போய்ச் சொல்லுங்க."

அஸர் தொழுகைக்கு முன்னமே போனேன். மிஸ் அதே மதகில் இருந்தார். கையில் போன். நான் நின்றபடியே சொன்னேன்.

"மிஸ், கணக்குச் சரி. நான்தான் பிழை. ஒவ்வொரு கலவைக்கும் ஒரு தாச்சி சீமெந்து கூடப் போட்ட."

மிஸ் என்னையே பார்த்தார்.

"என்னத்துக்கு?"

"வெடிச்சிரும் எண்டு பயம்."

"வெடிக்கத்தானே காக்கா போட்டது!"

"ஓம்."

"நான் சொன்னன்தானே!"

"சொன்ன."

எழும்பி ரோட்டில் அந்தப் பக்கம் நடந்தார், இந்தப் பக்கம் நடந்தார். செருப்பால் ரோட்டை ஒரு தட்டுத் தட்டினார். கோபம் வந்தால் நியாயம்தான் என்று நின்றேன். நான் கூலியாளை இதற்குக் குறைந்ததுக்கெல்லாம் ஏசியிருக்கிறேன்.

திரும்பி வந்தார். "ரெண்டு பாதிக்கும் போட்டீங்களா?"

"ரெண்டுக்கும்."

"ஒரே அளவா?"

"ஒரே அளவு."

"அது எப்பிடித் தெரியும்? நீங்க நிறுக்கயில்லயே."

"கைக்குத் தெரியும்."

மிஸ் கோடி வீட்டைப் பார்த்தார். ராத்தாவிடம் நெல் நிறுக்கிற தராசு இருக்கிறது. அதை முற்றத்தில் வைத்து, வேலையில் மிஞ்சிய ஒரு பேக் சீமெந்தை உடைத்து, பத்துத் தாச்சி அள்ளச் சொன்னார். நான் அள்ளினேன். அவர் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதினார். தராசைப் பார்க்கவிடாமல் என்னை மறுபக்கம் திருப்பி வைத்துத்தான் அள்ளச் சொன்னார்.

எட்டாவது தாச்சியில் ராத்தா சொன்னார்: "புள்ள, இவன்ட கை என்ட தராச விட நல்லம். தராச வேணுமெண்டா இவனக் கொண்டு சரி பாரு."

பத்தும் கிட்டத்தட்ட ஒரே நிறை. மிஸ் கொப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அப்ப ஆராய்ச்சி செத்துப்போகல்ல காக்கா. கலவை மாறிட்டு எண்டு எழுதுவன். எவ்வளவு மாறிட்டு எண்டும் எழுதுவன். ரெண்டு பக்கமும் ஒண்டுதானே. ஆனா வெடிக்க வேணுமே. இத எப்பிடி வெடிக்க வைக்கிற?"

அது எனக்குத் தெரியும். எங்கே வெடிக்கும் என்று மேசனுக்குத் தெரியும். அந்த இடத்தில்தானே நாங்கள் கூடக் கவனம் எடுக்கிறது.

"அடிய எடுத்தா வெடிக்கும்" என்றேன்.

மறுநாள் மண்வெட்டியோடு போய் ரோட்டின் ஓரத்தில் இரண்டு இடம் தோண்டினேன். இந்தப் பாதியில் ஒன்று, அந்தப் பாதியில் ஒன்று. அடியில் நானே தண்ணி விட்டு இடித்து இறுக்கிய மணலை நானே கையால் வழித்து வெளியே எடுத்தேன். ஒரு முழம் உள்ளுக்கு. இரண்டும் ஒரே அளவு. மிஸ் நிறுக்கவில்லை, ஆனால் நாடா பிடித்தார்.

ஓட்டோத் தம்பி குந்தியிருந்து பார்த்தான். "காக்கா, போன மாசம் போட்ட, இந்த மாசம் நோண்டுற. தண்ணிப் பைப்புக்காரன் செய்ற வேலதானே இது?"

நான் இன்னொரு பிடி மணலை வழித்தெடுத்தேன்.

டிப்பர் ஏறியது. கச்சான் கடலை உடைத்த மாதிரி ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரு கோடு ஓடியது. மற்றப் பாதியிலும் அதே மாதிரி ஒன்று.

"வெடிச்சிட்டு! காக்கா, வெடிச்சிட்டு!" மிஸ் துள்ளினார். ஒழுங்கை முழுக்கக் கேட்டது. பள்ளிவாசலிலிருந்து வந்துகொண்டிருந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அல்ஹம்துலில்லாஹ் சொல்வதா வேறென்ன சொல்வதா என்று எனக்கு விளங்கவில்லை. மண்வெட்டியை எடுத்து, தோண்டின மணலைத் திரும்ப அடைத்து இடித்தேன்.

இனி இரண்டு வெடிப்புக்கும் நாளும் தண்ணி காட்டவேண்டும். தண்ணி இல்லாவிட்டால் கிருமி எழும்பாது. மழை கிடையாது, அடிக்கிறது கச்சான். நான் வாளியோடு போனபோது ரோட்டில் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரை அவித்த நெல் கிடந்தது. ராத்தா பொல்லோடு நின்றார்.

"தம்பி, நெல்லு காயுற இடத்துல தண்ணி ஊத்தப் போறியா? உனக்கு என்ன பிடிச்ச?"

"வெடிப்புக்கு மட்டும் ராத்தா."

"தண்ணிக்குத் தெரியுமா அது வெடிப்புக்கு மட்டும் எண்டு? ஓடி என்ட நெல்லுக்குள்ள வரும். முளச்சா நீ திம்பியா?"

நியாயமான கேள்வி. வாளியோடு நின்றேன். அப்போதுதான் மிஸ் பஸ்ஸால் இறங்கி வந்தார். கேட்டுவிட்டு வாய்க்கால் பக்கம் போனார். இரண்டு கையிலும் களிமண்ணோடு வந்தார். குந்தியிருந்து வெடிப்பின் இரண்டு பக்கமும் விரல் உயரத்துக்கு வரம்பு கட்டத் தொடங்கினார்.

ராத்தா கிட்ட வந்து பார்த்தார். "வரம்பு கட்டப் பழகினது எங்க?"

"எங்கட அப்பாட வயல்ல, மாமி."

"எவடம்?"

"வீரமுனை."

"அதான் பாத்தன். ஆனா இந்த வரம்பு காணாது. மூலையில கசியும். இஞ்ச கொண்டா மண்ண."

ராத்தா கட்டின வரம்பில் தண்ணி சொட்டும் கசியவில்லை. ரோட்டுக்கு நடுவில் இரண்டு குட்டி வயல். சுற்றிவர நெல். அதற்குப் பிறகு எனக்கு வாளி தூக்கும் வேலை இல்லை. ராத்தா நெல்லைக் கிளறப் போகும்போதெல்லாம் ஒரு செம்புத் தண்ணி கொண்டுபோய் இரண்டிலும் விடுவார். யாராவது மோட்டார் சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பினால் ஒழுங்கை அதிரும். "வயலுக்குள்ள மாட்ட விடாத!"

மிஸ் கிழமைக்கு இரண்டு தரம் வந்து, கோடு கோடாகப் போட்ட ஒரு சின்ன அட்டையை வெடிப்பில் வைத்து அளந்தார். அளவைக் கொப்பியில் எழுதினார். அந்த வழியாகப் போக வேலையில்லாத நாளிலும் நான் அந்த வழியாகத்தான் போனேன்.

சேர் வந்தது புரட்டாதிக் கடைசியில். மேலே முகில் கட்டியிருந்தது. வரம்பை எடுத்து, ரோட்டைக் கூட்டி, காயவிட்டிருந்தோம். முடி நரைத்த மனிசன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு ரோட்டில் குந்தினார்.

மிஸ் முதலில் சாதாரணப் பாதியில் ஒரு செம்பு ஊற்றினார். தண்ணி வெடிப்புக்குள் இறங்கிக் காணாமல் போனது. பிறகு கடல் பக்கத்துப் பாதிக்கு வந்தார். அங்கே வெடிப்பு இருந்த இடத்தில் வெள்ளைக் கோடு. நகத்தில் சுண்ணாம்பு தொட்டு இழுத்த மாதிரி. மிஸ் செம்பைத் திரும்ப நிரப்பினார். ஊற்றினார்.

தண்ணி நின்றது.

நாங்கள் எல்லோரும் அந்தத் தண்ணியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதில் முகில் தெரிந்தது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகும் அப்படியே நின்றது. ராத்தாதான் முதலில் வாய் திறந்தார். "மாஷா அல்லாஹ். கிருமி நல்ல மேசன்தான்."

சேர் எழும்பி என் பக்கம் திரும்பினார்.

"சீமெந்து கூடப் போட்ட ஆள் நீங்களா?"

மிஸ் எழுதியிருக்கிறார். எல்லாம் எழுதியிருக்கிறார்.

"ஓம் சேர்."

"ஏன்?"

"வெடிக்கும் எண்டு."

சேர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். மிஸ்ஸிடம், "இது தொடரட்டும்" என்றார். மிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி அது.

அடுத்தது சவளக்கடையில் ஒரு வயல் ரோட்டு. பெரிய துண்டு. அதையும் நான்தான் போடுகிறேன். மிஸ் ஒரு நிபந்தனை வைத்தார்.

"வீட்டுல இருந்து சாப்பாடு மட்டும்தான் கொண்டு வரணும் காக்கா."

"ஓம்" என்றேன். இந்தத் தரம் மனதும் ஓம் என்றுதான் சொன்னது. வீட்டில் சீமெந்தும் இல்லை, கோழிக்கூடும் இன்னும் கட்டி முடியவில்லை.

சாதாரணப் பாதியின் வெடிப்பு அப்படியே கிடக்கிறது. அடைக்கக்கூடாதாம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் இரண்டு மழை தேவையாம். ஒரு கரண்டி கலவை போதும், இரண்டு நிமிச வேலை. ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் போகிறேன். சைக்கிளில் சாந்து வாளி தொங்கும் நாளில் கொஞ்சம் வேகமாக மிதிப்பேன்.

போன கிழமை ஒரு கலியாணம். சஹனில் எதிரே இருந்தவர் சாய்ந்தமருதுக்காரர். என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்கதானே அந்த மேசன்? நிந்தவூர்ல போட்ட ரோட்டு வெடிச்சிட்டாமே?"

ஐந்து பேரும் நிமிர்ந்தார்கள்.

"ஓம்" என்றேன். "நான்தான் வெடிக்க வச்ச."

கறியை இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளச் சொன்னேன்.